முன்னாக்கக் கட்டடங்களின் உறுதிகாணல் – ஒரு வரலாற்று நோக்கு

உறையுள் வேண்டிய மனிதன், அது நிற்கவேண்டிய நிலத்திலேயே நின்று, கல்லை அடுக்கியும் மண்ணைக் குழைத்தும் மரத்தை நாட்டியும் அதனைப் படிப்படியாக எழுப்பிக்கொண்டமையே நெடுங்கால வழக்கமாகும். அவ்வாறு எழுந்த சுவர் நாள்தோறும் கட்டுவோனின் கண்முன்னே வளர்ந்தது. எக்கல் எக்கல்லின்மேல் அமர்ந்தது என்பதை அவன் அறிவான். கைத்தொழிற் புரட்சியின் பின்னர் இவ்வழக்கத்தினின்றும் வேறான ஒரு முறை மேலைநாடுகளிலே தோன்றிற்று. கட்டடத்தின் உறுப்புக்களைத் தொழிற்சாலையிலே ஓரளவினவாகப் பெருந்தொகையிற் செய்து, அவற்றை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசென்று பொருத்தி நிறுத்துவதே அம்முறை. இதனை முன்னாக்கக் கட்டடமுறை என்று கூறலாம். உறுப்புக்கள் தூணும் வளையுமாக இருக்கலாம். சுவருக்கும் தளத்துக்கும் உரிய முழுப் பாளங்களாக இருக்கலாம். சுவரும் தளமும் கூரையும் ஒருங்கே அமைந்த முழு அறைகளாகவும் இருக்கலாம்.

இம்முறையினாற் காலம் சுருங்கிற்று, செலவு குறைந்தது, மழைக்கும் குளிருக்கும் அஞ்சாது வேலை நடைபெற்றது. ஆயினும், இம்முறை தோன்றிய நாள் தொட்டு ஒரு வினா அதனைப் பின்தொடர்ந்தே வந்துள்ளது. தனித்தனியே செம்மையாகச் செய்யப்பெற்ற உறுப்புக்கள் ஒன்றுகூடிய பின்னரும் செம்மையான கட்டடமாக நிற்கின்றன என்பதை அறிபவர் யார்? எவ்வாறு அறிவர்? எத்துணைக் காலம் அறிந்துகொண்டிருப்பர்? இவ்வினாக்களுக்கு விடைதேடிய வரலாறு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. உறுப்பைச் சோதித்தல் எளிது என்பதும், உறுப்புக்களை இணைக்கும் மூட்டினைக் காவல்செய்தலே அரிது என்பதும் அவ்வரலாற்றை நோக்குவார்க்குத் தெளிவாகப் புலனாகும்.

பளிங்கு மாளிகை

1851ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சிக்கென எழுப்பப்பெற்ற பளிங்கு மாளிகையே முன்னாக்க முறையிற் பேரளவில் அமைந்த முதற் கட்டடங்களுள் தலைசிறந்ததாகும். அதனை வகுத்தவர் யோசேப்பு பக்ஸ்ரன் என்பார். அவர் பெருமக்களின் தோட்டங்களைப் பேணுந் தொழிலிலே தேர்ச்சி பெற்றவர். செடிகளுக்குக் கண்ணாடி வீடு அமைத்துப் பழகியவர். 1,848 அடி நீளமும் 408 அடி அகலமும் கொண்ட அம்மாளிகை முழுவதும் 24 அடி என்னும் ஒரே அலகினை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பெற்றது. வார்ப்பிரும்புத் தூண்களும் வளைகளும், ஏறத்தாழ மூன்று இலக்கம் கண்ணாடித் தகடுகளும் வெவ்வேறிடங்களிலே செய்யப்பெற்று வந்து சேர்ந்தன. 1850ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே முதற்றூண் நிறுத்தப்பெற்றது; அடுத்த ஆண்டு மே மாதம் முதலாந் தேதியன்று பொருட்காட்சி திறந்துவைக்கப்பெற்றது.

இத்துணை விரைவாக எழுந்த கட்டடம் மக்கட் கூட்டத்தைத் தாங்குமோ என்னும் ஐயம் அக்காலத்திலே பலருக்கு உண்டாயிற்று. அதனைப் போக்கும்பொருட்டு இருவகைச் சோதனைகள் நடாத்தப்பெற்றன. முதலாவது, வார்ப்பிரும்பு வளைகள் மேலே ஏற்றப்படுமுன் நீரமுக்க எந்திரத்தில் வைத்துச் சுமையேற்றிப் பார்க்கப்பெற்றன. வார்ப்பிரும்பு உள்ளே குற்றமுடையதாயினும் புறத்தே அழகாகத் தோன்றுமாதலின், கண்ணை நம்பாது சுமையையே நம்பினர். இரண்டாவது, மேன்மாடத்தின் ஒரு பகுதியை மாதிரியாக அமைத்து, அதன்மீது வேலையாட்களை நெருக்கமாக நிறுத்தியும் குதிக்கச் செய்தும், போர்வீரரைக் காலொத்து நடக்கச் செய்தும், பீரங்கிக் குண்டுகளை உருட்டியும் சோதித்தனர். மாடம் தாங்கிற்று. அறுபது இலக்கத்துக்கு மேற்பட்ட வருகைகளை அக்கண்காட்சி கண்டது.

இங்குக் கருதற்பாலது ஒன்றுண்டு. பளிங்கு மாளிகையின் தூணும் வளையும் சந்திக்கும் இடங்கள் யாவும் வெளிப்படையாக அமைந்தன. காவலன் ஒருவன் நடந்து செல்லும்பொழுதே அவற்றைக் காணலாம், தளர்ந்ததை இறுக்கலாம், பழுதானதைக் கழற்றலாம். கட்டடம் முழுவதையும் கழற்றிச் சிடன்ஹாம் என்னும் இடத்துக்குக் கொண்டுசென்று 1854ஆம் ஆண்டிற் பெருப்பித்து நிறுத்தவும் முடிந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் தேதி தீயினால் அழியும்வரை அது அங்கேயே நின்றது. சோதனையும் காவலும் எளிதாயிருந்தமைக்கு மூட்டுக்கள் கட்புலனாயிருந்தமையே காரணம் என்க.

பாளக் கட்டடங்களின் எழுச்சி

இருபதாம் நூற்றாண்டிலே இரும்பின் இடத்தைக் கொங்கிறீற்று பெற்றது. 1905ஆம் ஆண்டளவிலேயே லிவர்பூல் நகரப் பொறியியலாளராக இருந்த யோன் அலெக்சாந்தர் பிரோடி என்பார், முன்னரே வார்த்த கொங்கிறீற்றுப் பாளங்களைக்கொண்டு எல்டன் வீதியிலே தொழிலாளர் மனைகளை எழுப்பிக் காட்டினார். ஆயினும், இரண்டாம் உலகப்போரின் பின்னரே இம்முறை பெருவழக்காயிற்று. குண்டுவீச்சினால் நகரங்கள் பாழாயின; குடியிருக்க வீடின்றி மக்கள் வருந்தினர்; கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளரோ போதவில்லை. பிரான்சிலே றேமன் கமு என்னும் பொறியியலாளர் ஓர் அறையின் சுவர் முழுவதையும் ஒரே பாளமாக வார்க்கும் முறையை வகுத்தார். சோவியத்து நாட்டிலே 1954ஆம் ஆண்டு திசெம்பரிற் கட்டடத் தொழிலாளர் மாநாட்டில் உரையாற்றிய குருசேவ், அழகுவேலைப்பாடுகளைக் கைவிட்டுத் தொழிற்சாலை முறையிலே வீடமைக்குமாறு வற்புறுத்தினார். அதன் பயனாக ஐந்துமாடிப் பாளவீடுகள் அந்நாடெங்கும் அணிவகுத்து எழுந்தன.

பிரித்தானியாவில் வேறொரு காரணமும் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் வீடமைப்பு உதவிப்பணச் சட்டம் மாடிகளின் எண்ணிக்கை கூடுந்தோறும் அரசாங்க உதவியும் கூடுமாறு வகை செய்தது. ஆகவே, உள்ளூராட்சி மன்றங்கள் உயர்ந்த மாடங்களை நாடின. டென்மார்க்கு நாட்டில் உருவாகிய லாசன்–நீல்சன் முறை முதலிய பாளமுறைகள் அங்கே இறக்குமதியாயின.

இம்முறைகளிற் பெரும்பாலானவற்றுள் எலும்புக்கூடு போன்ற தூண்சட்டகம் இல்லை. சுவர்ப்பாளங்களே சுமைதாங்கிகள். கீழ்ச்சுவரின் தலையிலே தளப்பாளத்தின் விளிம்பு தங்கும். அதன்மேல் மேற்சுவர் நிற்கும். இடைவெளியிலே சாந்தும் கொங்கிறீற்றும் இட்டு நிரப்புவர். நிரப்பியபின் அம்மூட்டினை ஒருவரும் காணமுடியாது. தொழிற்சாலையிலே நிழலில், அச்சிலே, அளவுகருவியோடு செய்யப்பெற்ற பாளங்களை, உயரத்திலே காற்றிலும் மழையிலும் நிற்கும் தொழிலாளி கைச்சாந்தினாற் பிணைத்தான். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி பாளத்துக்குப் பொருந்தும்; ஒரே அச்சில் வார்த்த நூறு பாளங்களுள் ஒன்றைச் சோதித்து ஏனையவற்றை மதிப்பிடலாம். மூட்டுக்கோ அப்பழமொழி பொருந்தாது. ஒவ்வொரு மூட்டும் வேறொரு நாளில், வேறொரு கையினால், வேறொரு வானிலையில் ஆக்கப்பெற்றது. ஆகவே, ஒன்று நன்றாயிருத்தல் மற்றொன்றுக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டினை உலகம் உணர்வதற்கு உயிர்ப்பலி வேண்டியதாயிற்று.

றோனன் பொயின்ற்

இலண்டனின் கிழக்கே நியூஹாம் பகுதியில் லாசன்–நீல்சன் முறையிலே கட்டப்பெற்ற 22 மாடித் தொடர்வீடு றோனன் பொயின்ற் எனப் பெயர் பெற்றது. அதிலே 110 வீடுகள் இருந்தன. 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேலை முடிவுற்றது. மே மாதம் 16ஆந் தேதி அதிகாலை ஏறத்தாழ 5.45 மணிக்கு, 18ஆம் மாடியின் மூலைவீட்டிற் குடியிருந்த மாது ஒருவர் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும்பொருட்டு அடுப்பை மூட்டினார். இரவு முழுவதும் கசிந்து தேங்கியிருந்த வாயு வெடித்தது. வாயுக்குழாயை அடுப்புடன் இணைத்த பித்தளைச் சுரை ஒன்று தரங்குறைந்ததாய் உடைந்திருந்தமையே கசிவுக்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பெற்றது.

வெடிப்பு அவ்வீட்டின் வெளிச்சுவர்ப் பாளங்களை வெளியே தள்ளிற்று. அச்சுவரையே நம்பி நின்ற மேன்மாடிகளின் மூலைப்பகுதிகள் தாங்குவாரின்றி வீழ்ந்தன. அவ்வாறு வீழ்ந்தவற்றின் பாரத்தைத் தாங்கமாட்டாது கீழ்மாடிகளின் மூலைப்பகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலம்வரை சரிந்தன. நால்வர் மாண்டனர், பதினெழுவர் காயமுற்றனர். இடிந்தவை பெரும்பாலும் இருப்பறைகளாயிருந்தமையாலும், அவ்வேளையிலே மக்கள் படுக்கையறைகளிலே துயின்றமையாலும் உயிரிழப்பு இவ்வளவோடு அமைந்தது. அடுப்பை மூட்டிய மாது உயிர்தப்பினார்.

அரசாங்கம் ஹியூ கிறிஃபித்ஸ் என்னும் வழக்கறிஞர் தலைமையில், அல்பிரட் பக்ஸ்லி, ஓவன் சோண்டர்ஸ் என்னும் அறிஞர் இருவரையும் சேர்த்து விசாரணைக்குழு ஒன்றை அமைத்தது. வெடிப்பு மிகக் கடுமையானதன்று என அக்குழு கண்டது; அம்மாதின் செவிப்பறை கிழியாதிருந்தமையும் அதற்குச் சான்றாயிற்று. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தல் அமுக்கமே அச்சுவரைப் பெயர்க்கப் போதியதாயிருந்தது. கட்டடம் அக்காலத்து விதிகளை மீறியதன்று. விதிகளே இத்தகைய நிகழ்ச்சியை எண்ணிப்பார்க்கவில்லை. ஒரிடத்து நேர்ந்த சிறு கேடு கட்டடத்தின் பெரும்பகுதியை அழிக்குமளவுக்குப் பரவுதல் ‘தொடர்ச் சரிவு’ எனப்பட்டது. ஓர் உறுப்பு அகன்றால் அதன் பாரத்தை ஏற்க வேறு வழி இல்லாமையே அதன் மூலம்.

விசாரணையின் பின்னர் ஏனைய பாளக் கட்டடங்களையும் ஆராய்ந்து வலுவூட்டுமாறும், வலுவூட்டாதவற்றில் வாயுவை நிறுத்துமாறும் உள்ளூராட்சி மன்றங்கள் பணிக்கப்பெற்றன. 1970ஆம் ஆண்டிற் கட்டட விதிகள் திருத்தப்பெற்றன. ஐந்தும் அதற்கு மேற்பட்டனவுமான மாடிகளையுடைய கட்டடங்களில், ஓர் உறுப்பு நீங்கினும் கேடு குறித்த எல்லைக்குள் அடங்கவேண்டும். அஃது இயலாதாயின் அவ்வுறுப்புச் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கவேண்டும் என விதிக்கப்பெற்றது. உலக நாடுகள் பலவற்றின் கட்டட விதிகளிலே இக்கருத்து இடம்பெறுவதற்கு றோனன் பொயின்ற் வழிகோலிற்று.

மூட்டினுட் கண்டவை

இடிந்த மூலை மீளக் கட்டப்பெற்று, மூட்டுக்கள் வலுவூட்டப்பெற்று, றோனன் பொயின்ற்றில் மக்கள் மீண்டும் குடியேறினர். வரலாறு அத்துடன் முடிந்திருந்தால், குறை விதிகளில் மாத்திரமே இருந்தது என்று உலகம் எண்ணியிருக்கும். ஆனால், சாம் வெப் என்னும் கட்டடக்கலைஞர் அவ்வாறு எண்ணவில்லை. சுவருக்கும் தளத்துக்கும் இடையே வெடிப்புக்கள் தோன்றுகின்றன என்பதை அவர் ஆண்டுக்கணக்காக எடுத்துக் காட்டிவந்தார். 1980களின் நடுப்பகுதியிற் குடியிருந்தோர் வெளியேற்றப்பெற்றனர். வெடிமருந்தினாற் கட்டடத்தைத் தகர்த்தால் உண்மையும் தூளாகிவிடும் எனக் கருதிய வெப், ஒவ்வொரு மாடியாகக் கழற்றி மூட்டுக்களை ஆராயவேண்டும் என வற்புறுத்தினார். 1986ஆம் ஆண்டில் அவ்வாறே செய்யப்பெற்றது.

திறக்கப்பெற்ற மூட்டுக்கள் பதினெட்டு ஆண்டுகள் மறைந்திருந்த செய்தியை வெளிப்படுத்தின. சாந்தினால் நிரம்பியிருக்கவேண்டிய இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. சிலவற்றிற் புதினத்தாட்களும் குப்பையும் அடைபட்டிருந்தன. சுவர்ப்பாளங்களை நிறுத்தும்பொழுது மட்டம்பார்ப்பதற்கென வைத்த மரையாணிகளே சுவரின் பாரத்தைத் தாங்கிநின்றன. பாளத்தின் முழு அடியினாலும் பரந்து இறங்கவேண்டிய சுமை, இரண்டோர் ஆணிகளின் வழியே குவிந்து இறங்கிற்று. வரைபடத்திலே குற்றமில்லை, பாளத்திலும் பெருங்குற்றமில்லை, வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே நிகழ்ந்த கைவேலையிலேதான் குற்றம் உறைந்திருந்தது. விசாரணைக்குழுவின் கணக்குகள், மூட்டு வரைபடத்தில் உள்ளபடியே அமைந்திருக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தவை. அந்நம்பிக்கையைச் சோதித்தவர் அதுகாறும் எவருமிலர்.

ஆமீனியாவும் நக்காகினும்

இவற்றைக்கொண்டு முன்னாக்கக் கட்டடம் யாவும் தீது என முடிவுசெய்தல் தகாது. 1988ஆம் ஆண்டு திசெம்பர் 7ஆந் தேதி ஆமீனியாவை உலுக்கிய நிலநடுக்கம் இதற்குச் சான்றாகும். லெனினாக்கன் என அக்காலத்தில் வழங்கிய கியூம்றி நகரில், முன்னரே வார்த்த தூணையும் வளையையும் இணைத்துச் சட்டகமாக எழுப்பிய ஒன்பதுமாடிக் கட்டடங்கள் பெருந்தொகையாக வீழ்ந்து ஆயிரக்கணக்கானோரைப் புதைத்தன. அதே நகரிலே பாளங்களால் அமைந்த தொடர்வீடுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. இலண்டனிலே பாளம் பழிக்கப்பட்டது. ஆமீனியாவிலே பாளம் காத்தது. சட்டகத்தில் தூணும் வளையும் கூடும் சில மூட்டுக்களிலேயே கட்டடத்தின் உறுதி முழுவதும் தங்கியிருந்தது. அவை நிலத்தின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பாளவீடுகளிலோ பல சுவர்கள் நெடுகிலும் ஒன்றோடொன்று பிணைந்து பாரத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே, முறையின் பெயரை நோக்கிக் கட்டடத்தை மதிப்பிடலாகாது. அதன் பிணைப்பை நோக்கியே மதிப்பிடவேண்டும் என்பது பெறப்பட்டது.

அறைகளையே முழுமையாக ஆக்கிப் பொருத்தும் முறைக்கு, யப்பான் தலைநகர் தோக்கியோவில் 1972ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற நக்காகின் கோபுரம் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். கிசோ குரோக்காவா என்னும் கட்டடக்கலைஞர் அதனை வகுத்தார். இரண்டு கொங்கிறீற்றுத் தண்டுகளிலே 140 சிற்றறைகள், ஒவ்வொன்றும் நான்கு வலிய மரையாணிகளால் மாட்டப்பெற்றன. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கொருமுறை பழைய அறையைக் கழற்றிப் புதிய அறையை மாட்டலாம் என்பதே அவர் கருத்து. மரத்தில் இலை உதிர்ந்து தளிர்ப்பதுபோலக் கட்டடமும் புதுப்பிறவி எடுக்கும் என எதிர்பார்க்கப்பெற்றது. ஆனால், அறைகள் நெருங்கி நின்றமையாற் கீழுள்ள ஒன்றைக் கழற்ற மேலுள்ளவற்றையும் கழற்றவேண்டியதாயிற்று. இடைவெளி குறுகியமையாற் குழாய்களைச் செப்பனிடுதலும் அரிதாயிற்று. ஓர் அறையேனும் மாற்றப்படாமலே கட்டடம் முதுமையுற்று, 2022ஆம் ஆண்டிற் கழற்றப்பெற்றது. மூட்டு கழற்றத்தக்கது என்பது மாத்திரம் போதாது; கையும் கண்ணும் அங்கே செல்லக்கூடியதாயும் இருத்தல் வேண்டும் என்பதை அக்கோபுரம் கற்பித்தது.

கருவிகளின் துணை

கண் செல்லாத இடத்துக்குக் கருவியை அனுப்பும் முயற்சியும் இதற்கிடையே வளர்ந்தது. 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே எட்வேட் சிமன்ஸ், ஆதர் றூஜ் என்னும் இருவர் ஒருவரையொருவர் அறியாமலே மின்தடை விகாரமானியைக் கண்டனர். மெல்லிய கம்பியை ஒரு பொருளின்மேல் ஒட்டினால், பொருள் நீளுந்தோறும் கம்பியும் நீண்டு அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தை அளந்து பொருளின் விகாரத்தை அறியலாம். சுவரின் வெடிப்பு நாளடைவில் அகல்கின்றதா என்பதை அளக்கும் வெடிப்புமானி, கட்டடம் சாய்கின்றதா என்பதைக் காட்டும் சாய்வுமானி, அதன் நடுக்கத்தைப் பதியும் ஆர்முடுகல்மானி, ஒளியிழையினாற் பல இடங்களின் விகாரத்தை ஒருங்கே உணரும் கருவி ஆகியன இன்று வழக்கிலுள்ளன.

இவற்றுள் ஆர்முடுகல்மானியின் பயன் தனித்து நோக்கற்பாலது. ஒவ்வொரு கட்டடமும் காற்றிலும் வீதிப்போக்குவரத்திலும் கட்புலனாகாதவாறு ஆடிக்கொண்டேயிருக்கின்றது. அவ்வாட்டத்துக்கென இயல்பான மீடிறன் ஒன்றுண்டு. மூட்டுத் தளர்ந்தாற் கட்டடத்தின் விறைப்புக் குறையும். விறைப்புக் குறைந்தால் மீடிறனும் குறையும். ஆகவே, மீடிறனை ஆண்டுதோறும் அளந்துவரின் உள்ளே நேர்ந்த தளர்வினை ஊகிக்கலாம் என்பது கொள்கை. வைத்தியன் நாடிபிடித்து நோயறிதல் போன்றது இது.

நாடியோ வெயிலுக்கும் மழைக்கும் மாறுகின்றது. கலிபோர்ணியாவிலே 1967ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற மிலிக்கன் நூலகம் என்னும் ஒன்பதுமாடிக் கட்டடம் நெடுங்காலம் கருவிகளாற் கண்காணிக்கப்பெற்றது. அது முன்னாக்கக் கட்டடமன்றெனினும் அதன் பதிவுகள் எல்லாக் கட்டடங்களுக்கும் பாடமாவன. பெரிய நிலநடுக்கங்களிலே அதன் மீடிறன் குறைந்தது; பெருமழை பெய்தபொழுதும் வெப்பம் ஏறியபொழுதும் ஊறு எதுவுமின்றியே அது மாறிற்று. ஒரு மூட்டின் சிறு தளர்வு காட்டும் மாற்றம், ஒரு நாள் மழை காட்டும் மாற்றத்துள் மறைந்துவிடவுங்கூடும். ஆகவே, ஒரு நாளின் அளவைக்கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. கட்டடம் புதிதாயிருந்தபொழுது எடுத்த முதற்பதிவும், பருவந்தோறும் தொடர்ந்த பதிவும் இருந்தாலன்றிக் கருவியின் எண்களுக்குப் பொருளில்லை. எந்த மூட்டின் அருகே கருவியை வைப்பது என்பதையும் மனிதனே தீர்மானிக்கவேண்டும். வைக்காத இடத்தைப்பற்றிக் கருவி ஒன்றுங் கூறாது.

இக்காலத்திலே இப்பொருள் மேலும் முதன்மை பெறுகின்றது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முடிவுற்ற தொடர்வீடொன்று, முழு அறைகளாக வார்த்த கூறுகளை அடுக்கி 40 மாடிக்கு, ஏறத்தாழ 140 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பெற்றது. அறையின்மேல் அறையை அடுக்குங்கால் ஒவ்வொன்றிலும் நேரும் மயிரிழைப் பிழை மேலே செல்லச் செல்லத் திரளும். உட்சுவர்ப்பூச்சும் குழாய்களும் மின்கம்பிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பெறுவதால், அறைகளுக்கிடையேயுள்ள மூட்டுக்கள் முன்னெப்போதிலும் ஆழமாக மறைந்துவிடுகின்றன. பொருத்தும்பொழுதே ஒவ்வொரு மூட்டையும் பார்த்துப் பதிவுசெய்தலும், பின்னர் திறந்து பார்ப்பதற்கு வாயில் வைத்தலும், வேண்டிய மூட்டுக்களிற் கருவியைப் பதித்தலும் கட்டுமானத்தின் பகுதியாகவே கருதப்படவேண்டியவை.

காவலின் கடமை

கருவிகள் பெருகிய பின்னரும் காவல் தவறியதுண்டு. தென் இலண்டனின் பெக்கம் பகுதியிலுள்ள லெட்பரி குடியிருப்பில் லாசன்–நீல்சன் முறையிலமைந்த நான்கு மாடங்கள் இருந்தன. றோனன் பொயின்ற் சரிந்த பின்னர் அவை வலுவூட்டப்பெற்றன என்றே பல்லாண்டுகளாக நம்பப்பெற்றது. தம் வீடுகளின் சுவர்களிலே வெடிப்புக்கள் அகல்வதைக் குடியிருந்தோர் கண்டு முறையிட்டனர். 2017ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கிறென்பெல் மாடம் தீப்பற்றிப் பலர் மாண்டதன் பின்னரே அம்முறைப்பாடு உரியவாறு செவிசாய்க்கப்பெற்றது. பொறியியலாளர் சுவரைத் திறந்து ஆராய்ந்தபொழுது வேண்டிய வலுவூட்டல் அங்கே இல்லை எனத் தோன்றிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வாயு நிறுத்தப்பெற்றது. 1968ஆம் ஆண்டு கற்ற பாடம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அம்மாடங்களைச் சென்றடையவில்லை. அடுத்த ஆண்டில் வட இலண்டனின் புறோட்வோட்டர் பாம் குடியிருப்பிலும் பாளமாடங்கள் சோதனையிலே தேறாது போயின. அவற்றுள் இரண்டை இடித்தகற்ற முடிவுசெய்யப்பெற்றது.

அதே 2018ஆம் ஆண்டின் இறுதி நாளன்று உருசியாவின் மக்னித்தகோர்ஸ்க் நகரில் பத்துமாடிப் பாளவீடொன்றின் ஒரு பகுதி வெடிப்பினாற் சரிந்து 39 பேர் மாண்டனர். 1968இல் இலண்டன் கண்டதை அந்நகரம் ஐம்பதாண்டின் பின்னர் கண்டது.

காவலை ஒருவரின் நல்லெண்ணத்துக்கு விடாது சட்டமாக்கிய நாடுகளும் உண்டு. சிங்கப்பூரிலே 1986ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் தேதி புதுவுலக விடுதி இடிந்து 33 பேர் மாண்டனர். அது முன்னாக்கக் கட்டடமன்று. வகுத்தபொழுது கட்டடத்தின் தன்பாரத்தையே கணக்கிற் சேர்க்காத பிழையினால் வீழ்ந்தது. ஆயினும், பதினைந்தாண்டு நின்ற கட்டடமும் குற்றமுடையதாயிருக்கலாம் என்பதை அது உணர்த்திற்று. அதன்பின் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கொருமுறையும் ஏனையவற்றை ஐந்தாண்டுக்கொருமுறையும் பொறியியலாளரைக்கொண்டு ஆராயுமாறு உடைமையாளரைக் கட்டாயப்படுத்திற்று. அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் வாழும் பொது வீடமைப்பிலே முன்னாக்க உறுப்புக்கள் பெரிதும் பயன்படுகின்றமையின் இவ்விதி அவர்களுக்கு இன்றியமையாதது.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்குமிடத்து, காவலுக்கு மூன்று படிகள் உள்ளன எனத் துணியலாம். பொருத்துங்கால் ஒவ்வொரு மூட்டும் நேரிற் பார்க்கப்பெற்று எழுத்திற் பதியப்பெறவேண்டும். பதிவில்லாத இடத்திலே நம்பிக்கை குடியேறுமென்பதற்கு லெட்பரி சான்று. பின்னர் மூட்டுக்குச் செல்லும் வழி அடைபடாதிருக்கவேண்டும். அடைபட்டாற் குறை பல்லாண்டு ஒளிந்திருக்கும் என்பதற்கு றோனன் பொயின்ற் சான்று. இறுதியாக, கட்டடத்தில் வாழ்வோரின் சொல் கேட்கப்பெறவேண்டும். எந்த வெடிப்பு நேற்று இல்லாதது, எந்தக் கதவு இவ்வாண்டு முதற்கொண்டு சிக்குகின்றது என்பவற்றை முதலில் அறிபவர் அவர்களே. அவர்களின் முறைப்பாடு விலைகொடுத்து வாங்கவேண்டாத கருவியாகும்.

பளிங்கு மாளிகையைச் சோதித்தவர்கள் பீரங்கிக் குண்டுகளை உருட்டியது பொருட்காட்சி தொடங்குமுன் ஒரு முறையாகும். பாளத்தாலும் அறைக்கூறுகளாலும் அமைந்த மாடங்களுக்கு அத்தகைய ஒருநாட் சோதனை போதியதன்று. ஆண்டுதோறும் அவற்றிலே மழைநீர் கசிகின்றது, இரும்பு துருவேறுகின்றது, வெப்பத்தினாலும் குளிரினாலும் பாளம் விரிந்து சுருங்குகின்றது, குடியிருப்போர் மாறுகின்றனர், பதிவேடுகள் தொலைகின்றன. தொழிற்சாலையிலே சில நாட்களிற் செய்து முடிக்கத்தக்க வீட்டுக்கும், அதிலே மக்கள் வாழும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கும் உரிய காவல் வேண்டும். அக்காவலுக்கு ஆளும் பொருளும் ஒதுக்காது கட்டடத்தை மாத்திரம் விரைவாக எழுப்பும் நாடு, சேமித்த காலத்தைப் பிற்காலத்தார்மேற் கடனாகச் சுமத்துகின்றது. அக்கடனை 1968ஆம் ஆண்டிலே துயிலில் இருந்தவர்கள் இறுத்தனர் என்பது மறக்கற்பாலதன்று.